மணவறையில் மின்னாத மின்னல்

தாலி கட்டும் வேளையிலே கெட்டிமேளம் கொட்டுவது, அபசகுனமான சொல்லோ தும்மலோ எவர் செவியிலும் விழாதிருத்தற்பொருட்டு என்பர் பெரியோர். அம்மேளத்தாலும் மறைக்க இயலாத அபசகுனம் ஒன்று இக்காலத்தில் உண்டு. படம்பிடிப்பவரின் மின்னொளி அவ்வேளையில் மின்னாதொழிவதே அது. சென்ற ஆவணி மாதத்தில், வெள்ளவத்தையில், காலி வீதியை ஒட்டிய மண்டபம் ஒன்றில் அதனை நாம் எமது கண்ணாலே கண்டோம். கண்டதோடு அமையாது, அதற்குக் காரணராயும் இருந்தோம்.

மணமகள் எமது நீண்டநாள் நண்பர் ஒருவரின் மூத்த மகள். படம்பிடித்தவன் எமது பழைய மாணாக்கன். கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியை அடுத்த ஒழுங்கை ஒன்றில் அவன் குடும்பம் வாழ்கிறது. தந்தையார் புறக்கோட்டையில் நாட்டாமை வேலை செய்பவர். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களிலே கமராவைக் கையில் எடுத்தவன், இப்பொழுது பல்கலைக்கழகத்திற் பயின்றுகொண்டே முகூர்த்த நாள்களில் படம்பிடித்துத் தன் செலவையும் தங்கையின் ரியூசன் கட்டணத்தையும் பார்த்துக்கொள்கிறான். அவனுக்கு இப்பித்தை ஊட்டியவர் நாமே. நாம் கற்பிப்பது தமிழ். ஆயினும் கல்லூரியில் பரிசளிப்பு விழாவாயினும் நாவலர் குருபூசையாயினும் கமராவோடு மேடையின் கீழே குந்தியிருப்பவரும் நாமே. அந்த அதிகாரத்தினாலேதான், ‘என்ன ட்ரிகர் வாங்கலாம், சேர்?’ என்று அவன் எம்மிடம் கேட்டான். நாமும் அறிவுரை வழங்கினோம்.

இத்துறையிற் பழக்கமில்லாத வாசகர்பொருட்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். பிளாஷ் விளக்கைக் கமராவின் தலைமேலே பொருத்தி அடித்தால், ஒளி முகத்துக்கு நேரே சென்று மோதும். மூக்கு மட்டமாகும், நெற்றியில் எண்ணெய் பளபளக்கும், பின்சுவரில் கரிய நிழல் ஒன்று பேய்போல் நிற்கும். கடவுச்சீட்டுப் படத்துக்கு அது போதும், கூறைச்சேலை உடுத்த மணமகளுக்குப் போதாது. அதே விளக்கைக் கமராவை விட்டுப் பிரித்து, பக்கத்தே ஒரு தாங்கியில் உயர்த்தி, வெண்குடை ஒன்றினூடாக ஒளியைப் பாய்ச்சினால், முகத்துக்குத் திரட்சி வரும். சரிகையின் ஒவ்வோர் இழையும் தெரியும். ஆனால் பிரிந்துநிற்கும் விளக்குக்கு, ‘இப்பொழுது மின்னு’ என்று சொல்வது யார்? ஒருகாலத்தில் நீண்ட வயர் சொல்லிற்று. மணவறையைச் சுற்றிச் சிறுவர் ஓடியாடும் எம்மவர் மண்டபங்களில் அந்த வயரின் கதி என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வயருக்குப் பதிலாக வந்ததே ட்ரிகர் என்னும் இச்சிறுபெட்டி. கமராவின் தலையிலுள்ள ஹொட் ஷூவில் அது அமர்ந்து, விரல் அமுங்கிய கணத்தில் வானொலி அலையாற் கட்டளை அனுப்ப, விளக்கிலுள்ள வாங்கி அதனை ஏற்று மின்னும்.

செயற்கை மின்னலுக்கு நல்ல வரலாறு உண்டு. 1887 இல் ஜெர்மனியில் மக்னீசியத் தூளோடு வேறு சில இரசாயனங்களைக் கலந்து கொளுத்தி ஒளி உண்டாக்கினர். புகை மண்டும், சில வேளைகளில் படம்பிடிப்பவரின் புருவமும் போகும். 1930 ஆம் ஆண்டளவில், ஒருமுறை எரிந்து அழியும் குமிழ்கள் வந்தன. பின்னரே இன்று நாம் பாவிக்கும் மின்னணு விளக்கு வந்தது. பிரிந்து நிற்கும் விளக்கை ஏவுதற்கு, வேறொரு விளக்கின் ஒளியைக் கண்டு தானும் மின்னும் ஒளிக்கண் ஒன்று நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அதன் குறை, யாருடைய விளக்கு மின்னினாலும் அது மின்னிவிடும் என்பது. மாமா ஒருவர் தம் சிறு கமராவால் ஒரு படம் எடுத்தாற் போதும், தொழிலரின் பெரிய விளக்கு வீணே வெடித்து அணையும். இத்தொல்லையைத் தீர்க்கவே வானொலி ட்ரிகர் வந்தது என்று நாம் மாணவருக்குப் பலமுறை பெருமையோடு சொல்லியிருக்கிறோம். இவ்வாக்கியத்தை வாசகர் சிறிது நினைவில் வைத்திருப்பாராக.

கமரா செய்யும் நிறுவனங்களே ட்ரிகரும் செய்கின்றன. எனினும் அவற்றின் விலையைக் கேட்டவுடன் எம் போன்றோர் கடையை விட்டு இறங்கிவிடுவோம். ஆதலின் பிறர் செய்யும் ட்ரிகரே பெரும்பாலார்க்குக் கதி. சீனாவிலிருந்து வரும் கொடொக்ஸ், யொங்நுவோ முதலிய பெயர்களைக் கொழும்பிற் படம்பிடிக்கும் பெடியன்கள் யாவரும் அறிவர். 2022 இல் நாட்டுக்கு நேர்ந்த செலாவணி நெருக்கடியிலே இம்மலிவும் மலிவாயிருக்கவில்லை. அவ்வாண்டு பங்குனித் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், வைகாசியில் 360 ரூபாவைத் தொட்டது. எழுபது டொலர்ப் பெட்டி ஒன்று, வேறெந்தச் செலவையும் சேர்க்காமலே, 14,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவுக்கு ஏறிற்று. அவ்வாண்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்த நாளும் உண்டு. பற்றரிக்கு மின்னேற்றவும் நல்லநேரம் பார்க்கவேண்டியிருந்தது. இத்தகைய காலத்திலே ஒரு மாணாக்கன் தன் சேமிப்பைக் கொட்டி ஒரு பொருளை வாங்கும்போது, அறிவுரை சொல்பவன் ஆராய்ந்தல்லவா சொல்லவேண்டும்?

நாம் ஆராயாமல் இல்லை. ஒரு மாதம் ஆராய்ந்தோம். பிறர் செய்த ட்ரிகரில் முதற் சிக்கல் பொருத்தமே. ஹொட் ஷூவின் நடுவிலுள்ள பெரிய புள்ளி, ‘மின்னு’ என்னும் ஒரு சொல்லை மட்டும் சொல்வது. அது பல நிறுவனங்களுக்கும் பொது. அதனைச் சூழ்ந்துள்ள சிறுபுள்ளிகளோ ஒவ்வொரு நிறுவனத்தின் சொந்தப் பாஷை. எவ்வளவு ஒளி வேண்டும், எந்த வேகத்தில் வேண்டும் என்பனவற்றை அவை பேசும். அப்பாஷையின் இலக்கணத்தைக் கமரா நிறுவனத்தார் பிறர்க்கு எடுத்துக் கொடுப்பதில்லை. பிறர் அதனைக் கேட்டுக் கேட்டுத் தாமாகவே விளங்கிக்கொண்டு பேசுகின்றனர். ஏட்டுச்சுவடி கிடையாத நூலுக்கு உரை எழுதுவது போன்ற வேலை. கமராவின் உள்மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால், நேற்றுவரை பேசிய ட்ரிகர் இன்று ஊமையாகலாம். ட்ரிகருக்கும் புதிய மென்பொருள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நடுப்புள்ளியாவது எங்கும் பொது என்று எண்ணியிருந்தோர்க்கும் அதிர்ச்சிகள் உண்டு. மினோல்ற்றா நிறுவனத்தார் 1988 இல் தமக்கெனத் தனி வடிவத்தில் ஒரு ஷூவை அமைக்க, அவர்களின் வழிவந்த சொனி கமராக்களும் 2012 வரை அதனையே கொண்டிருந்தன. அக்காலத்துக் கமராவை இரண்டாம் கையாக வாங்குவோர் இடைப்பொருத்தி ஒன்றையும் வாங்கவேண்டும். கனன் நிறுவனத்தாரோ 2018 முதல் தம் விலைகுறைந்த கமராக்கள் சிலவற்றில் அந்த நடுப்புள்ளியையே எடுத்துவிட்டனர். 3000டி, 200டியின் இரண்டாம் பதிப்பு என்பன அத்தகையன. அவற்றின் தலையில் சாதாரண ட்ரிகரை வைத்தால் அது வெறும் அலங்காரமாய் நிற்கும். பின்னர்ச் சில ட்ரிகர் நிறுவனத்தார் தம் மென்பொருளைத் திருத்தி, சிறுபுள்ளிகளின் வழியாகவே மின்னச் செய்தனர். இரண்டாம் கைக் கமரா வாங்கும் மாணவர், மேலே திருப்பி நடுவில் பித்தளைப் புள்ளி உண்டோ என்று பார்ப்பது நன்று. பாட்டனார் காலத்து விளக்கைப் புதுக் கமராவில் மாட்டுவோர்க்கும் ஒரு சொல்: அவ்விளக்குகளிற் சிலவற்றின் தொடுமுனையில் 200 வோல்ற்றுக்கும் மேற்பட்ட அழுத்தம் உண்டு. எமது தந்தையாரின் விளக்கை அளந்து பார்த்த அன்றே அதனைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினோம்.

இவையெல்லாம் பார்த்தே, எமது மாணாக்கனின் கமராவுக்கு ஏற்ற ட்ரிகர் ஒன்றைத் தெரிந்துகொடுத்தோம். கல்லூரி மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை, தாங்கியைக் கடைசி வரிசையில் நிறுத்தி, இருநூறு முறை அமுக்கிப் பார்த்தோம். இரண்டே முறை தவறிற்று. அவ்விரண்டும் பற்றரி தளர்ந்தபின் நேர்ந்தவை. நூற்றுக்கு ஒன்று தவறுவது நம்பகமானதா என்று அவன் கேட்டான். ‘நூற்றுக்கு ஒன்று தவறாத மனிதன் உண்டோ?’ என்று நாம் நகைச்சுவையாக விடையிறுத்தோம். கூடவே ஒன்று சொன்னோம்: ‘தொழிற்சாலையில் வைத்தபடியே எல்லாம் கிடக்கட்டும். ஒன்றையும் தொடாதே.’ முன்பொருகால் எமது ட்ரிகரின் அமைப்புகளை நோண்டி, மீட்டும் நேர்செய்யமுடியாது பரிசளிப்பு விழாவொன்றில் நாம் பட்ட பாடே அவ்வறிவுரைக்கு மூலம். ஆளற்ற மண்டபத்தில், வேறு கமரா எதுவும் இல்லாத இடத்தில், நாம் நம்பகத்தைச் சோதித்தோம் என்பதை அன்று உணர்ந்தோமில்லை.

இனி ஆவணி முகூர்த்தத்துக்கு வருவோம்.

எம்மவர் கலியாணங்களில் மணமகள் வீட்டார் ஒரு படப்பிடிப்பாளரையும் மணமகன் வீட்டார் வேறொருவரையும் அமர்த்துவது இப்பொழுது வழக்கமாகி வருகிறது. அன்றும் அப்படியே. மணமகன் பக்கத்துக்கு வந்தவர் வெள்ளவத்தையில் நெடுநாள் தொழில்புரியும் ஒருவர். அவர் தாங்கி மணவறையின் வலப்பக்கத்தும் எமது மாணாக்கனின் தாங்கி இடப்பக்கத்தும் துவாரபாலகர் போல் நின்றன.

காலையிலிருந்தே ஏதோ சரியில்லை. ஒரு படம் வெளிறிப்போகும், அடுத்தது மங்கும். மாணாக்கன் எம்மிடம் வந்து காட்டினான். நாம் சன்னலைப் பார்த்தோம். ‘வெயில் ஏறி இறங்குவதனால் வரும் வேறுபாடு, அமைப்பைத் தொடாதே’ என்றோம். அவன் ஐயத்தோடு திரும்பிச் சென்றான். ஆசிரியர் சொல்லை மீறாத பிள்ளை.

முகூர்த்தம் நெருங்கிற்று. குருக்கள் தாலியைத் தட்டில் ஏந்திப் பெரியோர் கைதொட்டு வாழ்த்த அனுப்பினார். பின்னர்க் கெட்டிமேளம் எழுந்தது. இருந்தோர் யாவரும் எழுந்து நின்று அட்சதை தூவ, நூறு கைபேசிகள் ஒருங்கே உயர்ந்தன. மணமகன் எழுந்து மணமகளின் பின்புறம் கையைக் கொண்டுசென்று முடிச்சிட்டான். எமது கண் மணமக்கள்மேல் இல்லை. இடப்பக்கத்து வெண்குடைமேல் இருந்தது. அது மின்னியது. மீண்டும் மின்னியது. பின்னர், மாணாக்கனின் விரல் அமுங்கிய வேளையில், மின்னவில்லை. அவன் திரும்பி எம்மைப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் எம்மை விட்டு அகலவில்லை. மேளம் அடங்குமுன் முடிச்சு முடிந்துவிட்டது. அவன் பிடித்த ஏழு படங்களில், முடிச்சு விழும் கணத்துக்குரிய மூன்றும் இருள். பின்னர்க் கணினியிலே வெளிச்சத்தை எவ்வளவோ ஏற்றிப் பார்த்தான். முகங்கள் தெரிந்தன, ஆனால் மணலைத் தூவியது போலிருந்தன.

‘சேர், பிளாஷ் அடிக்கேல்லை’ என்று அவன் வந்து சொன்னபோது, பற்றரியோ என்று கேட்டோம். பந்தி நடக்கும் வேளையிலே மற்றப் படப்பிடிப்பாளர் தாமாகவே எம்மிடம் வந்தார்.

‘தம்பி, நான் அமத்தேக்க உம்மட பிளாஷும் சேர்ந்து அடிக்குது, கவனிச்சீரோ? உம்மட ட்ரிகர் எத்தினையாம் சனலில கிடக்குது?’

‘ஒண்டு, அண்ணை.’

‘என்ரையும் ஒண்டுதான்.’

அவ்வளவே. இருவரிடமும் இருந்தவை ஒரே நிறுவனத்தின் பெட்டிகள். இத்தகைய ட்ரிகர்களில் முப்பத்திரண்டு சனல்கள் வரை உண்டு. அதற்கு மேலும், அயலார் ட்ரிகரோடு கலவாதிருக்கத் தொண்ணூற்றொன்பது வரையான அடையாள எண்ணும் சிலவற்றில் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் ஒன்றாஞ் சனலிலே இருக்கும். அவர் தம் நாற்பது கலியாண அனுபவத்தில் ஒன்றையே பாவித்தவர்; எமது மாணாக்கனோ எமது கட்டளையினால் ஒன்றைத் தொடாதவன். ஆகவே அன்று காலை முழுவதும் அவர் அமுக்க எங்கள் விளக்கும், இவன் அமுக்க அவர் விளக்கும் மின்னின. அதுமட்டுமன்று, ஒளியின் அளவையும் ட்ரிகரே அனுப்புவதால், எங்கள் விளக்கின் அளவை அவர் பெட்டியும் அவர் விளக்கின் அளவை எங்கள் பெட்டியும் மாறிமாறித் திருத்திக்கொண்டிருந்தன. வெளிறலும் மங்கலும் வெயிலாலன்று. முழுவலுவில் ஒருமுறை மின்னினால், நான்கு சிறு பற்றரிகளால் இயங்கும் எமது விளக்கு மீண்டும் நிறைய மூன்று நான்கு செக்கன் வேண்டும். கெட்டிமேள வேளையில் அவர் இடைவிடாது அமுக்க, எமது விளக்கு அவருக்காகவே மின்னித் தீர்ந்தது.

கமராவோடு ட்ரிகர் பொருந்துமா என்று ஒரு மாதம் பார்த்த நாம், ட்ரிகரோடு ட்ரிகர் இவ்வளவு பொருந்தும் என்று எண்ணவில்லை. பத்துப் பொருத்தமும் பார்த்த அக்கலியாணத்தில் எமது பொருத்தம் அளவுக்கு மிஞ்சிப் பொருந்திவிட்டது. ஒளிக்கண் காலத்து மாமாவின் சிறுகமராத் தொல்லையே வானொலி வடிவில் திரும்பி வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கிற்று.

அன்று மண்டபத்தில் மணமகளின் தந்தையாரிடம், ‘பிழை எம்முடையது’ என்று நாம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. விருந்தினர் சூழ நிற்கிறார், பிறகு சொல்லலாம் என்று எமக்குள்ளே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டு, கைநனைத்துவிட்டு வீடு சென்றோம்.

மூன்றாம் நாள் மாணாக்கன் எமது வீட்டுக்கு வந்தான். வெள்ளவத்தைப் படப்பிடிப்பாளர் தம் தாலிப் படத்தைக் கேளாமலே அவனுக்கு அனுப்பியிருந்தார். கணினியில் திறந்து காட்டினான். நல்ல படம். மணமகனின் விரல்கள், மணமகளின் குனிந்த முகம், பின்னால் விளக்கேந்தி நிற்கும் தோழி, யாவும் தெளிவு. அவன் மணமகளின் கன்னத்தருகே விரலை வைத்தான்.

‘சேர், இந்த இடப்பக்கத்து வெளிச்சம் எங்கட.’

உண்மைதான். வலப்பக்கத்து ஒளி மட்டும் இருந்திருந்தால் அக்கன்னம் இருண்டிருக்கும். எமது வெண்குடையின் மென்மையான ஒளியே அம்முகத்தைத் திரட்டிக் காட்டிற்று. சிறிதுநேரம் இருவரும் அப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னர், மணமகளின் தந்தையாரிடம் நாம் சென்று பேசுவதாகச் சொன்னோம்.

‘நான் நேற்றே போட்டு வந்திட்டன், சேர். மிகுதிக் காசு வேண்டாம் எண்டு சொன்னனான்.’

மிகுதி ஐம்பதினாயிரம் ரூபா. கமராவுக்கு அவன் இன்னும் மாதக்கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறான்.

மறுநாள் மாலை இராமகிருஷ்ண வீதியால் நடந்தோம். நண்பரின் வீடு கடற்பக்கத்து ஒழுங்கையில். வாசலைத் தாண்டி மரைன் டிரைவ் வரை சென்று, இரண்டு புகையிரதங்கள் போகும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம் என்பதை ஒளிப்பானேன்? வகுப்பிலே நாற்பது பிள்ளைகள் முன்னிலையில் அறம் பேசுதல் எளிது.

நண்பர் கதிரை எடுத்துப் போட்டார். நாம் தொடங்குமுன் அவரே பேசினார்: ‘மாஸ்ரர், படம் போனது எனக்குக் கவலைதான். மகள் ஒரு நாள் முழுக்க அழுதவள். ஆனால் பெடியன் வந்து தன்ர பிழை எண்டுதான் சொன்னவன். உங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை.’ அவன் எம்மைப் பற்றிச் சொல்வதற்கு ஏதோ இருக்கிறதென்று அவர் எவ்வாறோ ஊகித்திருந்தார். நாம் முழுவதையும் சொன்னோம். ஒன்றாஞ் சனல், தொடாதே என்ற கட்டளை, வெயில் என்று கூறிய காரணம் எல்லாம் சொன்னோம். பின்னர் அப்படத்தைக் காட்டி, இடப்பக்கத்து ஒளியையும் சுட்டிக்காட்டினோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து நெடுநேரம் பார்த்தார். உள்ளே சென்று மனைவியாரையும் அழைத்து வந்தார். அம்மையார் ஒளியைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார்.

மிகுதிக் காசைக் கடித உறையில் இட்டு எம்மிடமே தந்தனுப்பினார் நண்பர். அடுத்த ஞாயிறு 100 ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை சென்று, அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்தோம். மாணாக்கனின் தாயார் வெறுந்தேநீரும் சர்க்கரையும் தந்தார். அவன் உறையை வாங்கத் தயங்கினான். அதில் ஒரு பங்கை வெள்ளவத்தையாருக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னான். கொடுக்கவும் முயன்றானாம். ‘வெளிச்சம் உம்மட, கமரா என்ர. கணக்குச் சரி’ என்று அவர் திருப்பிவிட்டாராம்.

ட்ரிகரைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். முதுகில் சிறு காகிதத்துண்டு ஒன்று ஒட்டப்பட்டு, அதில் 17 என்று எழுதியிருந்தது. இவ்வகைப் பெட்டிகள் கம்பியில்லா இணையம் பாவிக்கும் 2.4 கிகாஹேட்ஸ் அலையிலேயே பேசுவதால், மனித உடம்பிலுள்ள நீர் அவ்வலையை உறிஞ்சிவிடும் என்பதையும் படித்தறிந்திருந்தான். கெட்டிமேளத்துக்கு எல்லாரும் எழுந்து நிற்கும்போது நடுவில் நூறு உடம்புகள். ஆகவே இனித் தாங்கியைத் தலைகளுக்கு மேலே உயர்த்துவானாம். முகூர்த்தத்துக்குக் கால்மணி முன்னர்ப் புதிய பற்றரி இடுவானாம். ஒளியை முழுவலுவில் வைக்காமல் காற்பங்கில் வைத்துக் கமராவின் உணர்திறனைக் கூட்டுவானாம், விளக்கு விரைவில் நிறையும் என்பதற்காக. இவற்றில் எதனையும் நாம் அவனுக்குக் கற்பிக்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் காலை, வகுப்புக்குப் புறப்படும் வேளையில் தொலைபேசி ஒலித்தது. பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் ஒரு திருமணம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மீளக் கட்டுவித்த அக்கோயிலின் உட்புறம் பகலிலும் இருள் செறிந்தது. ஒளியின்றி அங்கே படம் இல்லை. பின்னணியில் நாதசுரம் கேட்டது.

‘சேர், இஞ்சை கமராக்காரர் மூண்டு பேர் நிக்கினம். எல்லாரிட்டையும் கேட்டுப்போட்டன். மூண்டு பேருக்கும் மூண்டு சனல்.’

மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தவன், ‘பொம்பிளை வாறா, சேர்’ என்று தொலைபேசியை வைத்துவிட்டான்.